கதவு எண் 3

திருப்பாலைக்குடிக்குக் கிழக்கே,
வாடை அடங்கிய ஒரு காலையில்
நண்டுவலை இழுக்கப் போனால்
மிதப்புக் கொடி சாய்ந்து கிடக்கிறது.
ஆமையாக இருந்துவிடக் கூடாதே என்று
கயிற்றைப் பிடித்தேன்.
வந்தது ஒரு கதவு.

நீலப் பிளாஸ்டிக் கதவு.
ஒற்றைக் கீல் வலைக்குள் பல் பதித்திருந்தது.
வெள்ளைப் பெயிண்டில்
அ. ஆ. மே. நி. பள்ளி, அதன் கீழே 3.
கொண்டியில் கயிற்றால் கட்டியபடி
கணக்கு வாத்தியாரின் கரும்பலகை ஸ்கேல்.
துடுப்பாம்!
வத்தையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பதினோரு கண் அறுந்தது
பிறகுதான் தெரிந்தது.

கரையில் சீனி முகம்மது சொன்னார்:
"பள்ளிக்கூடத்துச் சொத்து பூமி, கொண்டுபோய்க் குடுத்துரு."
தலையில் வைத்துக்கொண்டு போனேன்.
ஒன்பதாவதில் நானாக நின்றுகொண்ட நாளிலிருந்து
அந்த கேட்டைத் தாண்டியதில்லை.
பையனைச் சேர்க்கக்கூட
அவன் அம்மாதான் போனாள்.

ஹெச்.எம். நாற்காலி போட்டார். டீ வந்தது.
"உங்களை மாதிரி ஆளுங்கதான் ஊருக்கு வேணும்."
வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம்,
அவசியம் வரவேண்டும் என்றார்.
சட்டையை இஸ்திரி போட்டுப் போனேன்.

ஐஸ் கம்பெனிக்காரர், ஏலக்காரர் முனியாண்டி,
ஜமாத்திலிருந்து இருவர், கோயில் கமிட்டியில் மூவர்.
ஆளுக்கொரு ஒழுக்கம் கொண்டுவந்திருந்தார்கள்.
ஒருவருக்கு முடிவெட்டு. ஒருவருக்கு பைக்.
செல்போனைப் பற்றி எல்லோருமே பேசினார்கள்;
பேசும்போதே இருவருக்கு மணி அடித்தது.
"நாலு பேருக்கு டி.சி. குடுங்க,
நானூறு பேர் திருந்துவாங்க."
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

பிறகு பெயர் வாசித்தார்கள்.
ரியாஸ்கான்.
அருள் டென்சில்.
பூ. கார்மேகம்.
முன்னெழுத்து என்னுடையது.
நான்காவது பெயர் என் காதில் விழவில்லை.

சுவரோரம் நின்றான்.
"ஏன்டா?" என்றேன்,
கடலில் அடுத்த வத்தைக்குக் கத்துகிற குரலில்.

"உள்ள தண்ணி கிடையாது.
மோட்டார் எரிஞ்சு ஒன்றரை வருஷம்.
எல்லாரும் கருவேலங்காட்டுக்குத்தான் போறோம்.
கதவு சும்மாதானப்பா நின்னுச்சு."

எதிர்த்துப் பேசுறான் பாருங்க என்று யாரோ எகிறினார்.
ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
முனியாண்டி விட்டத்தைப் பார்த்தார்.
பள்ளி மோட்டாருக்கென்று
கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடித்தது அவர்.
அது கந்தூரியிலும் கொடையிலும்
மைக்செட்டாகப் பாடியது ஊருக்கே தெரியும்.
கேட்டவர் இல்லை.
பாட்டு நன்றாக இருந்தது, நானும் கேட்கவில்லை.

ஆனாலும் கதவு கதவுதானே.
பாதிக் கடலில் அது கவிழப் பார்க்க,
நாலு பேரும் குதித்து நீந்தி வந்தார்களாம்.
நீவாடு அன்று திரும்பியிருந்தால்
என் கயிற்றில் வந்திருக்க வேண்டியது
கதவல்ல.
வத்தையில் சிரித்த சிரிப்பு
அந்த பெஞ்சில் வைத்து
கை நடுக்கமாக வந்தது.

"பெற்றோர் கையெழுத்து" என்று பதிவேட்டை நீட்டினார்கள்.
போடவில்லை.
போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
பேனா எழுதலையே சார் என்றேன்.
எழுதியது.
ஹெச்.எம்.முக்கும் அது தெரியும்.
அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று
பதிவேட்டை மூடிவிட்டார்.

சனிக்கிழமை
ரியாஸின் மாமா மோட்டாரைக் கழற்றி
ராமநாதபுரத்துக்கு பஸ்சில் ஏற்றினார்.
காயில் கட்டப் பணம் யார் தருவது
என்று இன்னும் பேச்சு நடக்கிறது.
முனியாண்டி ஐந்நூறு அனுப்பினார்,
பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லி.

துருப்பிடித்த கீலுக்குப் பதில்
நண்டுவலைக் கயிற்றால் கதவைக் கட்டினேன்.
தண்ணீர் வரவில்லை.
கதவு திறக்கிறது, மூடுகிறது.

பையன்கள் நால்வரும் வெறுமனே பார்த்து நின்றார்கள்.
கார்மேகம் மட்டும் குனிந்து
என் இரண்டாவது முடிச்சை அவிழ்த்தான்.
அது நழுவுமாம்.
மறுபடி போட்டான்.