பெயர்ப்பட்டை

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என் கடை.
ஒரு மிஷின், ஒரு ஃபேன்.
கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுதான்.

முகாமிலிருந்து லிஸ்ட் வரும், மூன்று நகல்.
வெளிநாட்டுப் பிள்ளைகளின் சோறு, பூட்ஸ், புத்தகம்,
நெஞ்சில் தைக்கிற பெயர் வரைக்கும்
நம் அரசாங்கத்துச் செலவு.
பெயருக்கு இருபத்திரண்டு ரூபாய்.
எனக்கு அது வந்துசேர நாலு மாசம் ஆகும்.

இந்தத் தடவை பதினேழு பேர்.
மாலத்தீவுக்காரன் பெயர் பட்டையைத் தாண்டி நீண்டது,
பாதி போதும் என்று அவனே சிரித்தான்.
தான்சானியாக்காரன் மிஷினைத் தொட்டுப் பார்த்தான்,
அவன் அம்மாவும் தையல்தானாம்.

பன்னிரண்டாவது, ஹேரத்.
நாடு என்ற கட்டத்தைப் பார்த்ததும்
பாபின் மாற்றுகிற சாக்கில்
கொஞ்ச நேரம் எழுந்து நின்றேன்.

என் தம்பி டெல்வினைப் பிடித்தது போன மாசியில்.
ஐந்தரை மாசம் உள்ளே இருந்தான்.
படகு அங்கே நிற்கிறது,
கடன் இங்கே ஓடுகிறது.

அளவெடுக்க அவனே வந்தான்.
இருபது வயசு இருக்கும்.
மார்பு முப்பத்திநாலு, சட்டை தோளில் தொங்கியது.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
பவுடர் டப்பாவை எடுத்து நீட்டவில்லை நான்.
அவன் கண்ணில் படுகிற மாதிரி
மேசையில் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

'நன்றி அக்கா' என்றான், தமிழில்.
எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை.
'படகை நிறுத்து, கையைத் தூக்கு' என்பதும்
அதே வகுப்பில்தான் சொல்லித் தந்திருப்பார்கள்.

கோணலாக ஓட்டியிருக்கலாம்.
நேராகத்தான் வந்தது, கைக்கு வேறு தெரியாது.
கடைசி எழுத்தின் காலில்
எப்போதும் போடுகிற இரட்டை முடிச்சு.
டெல்வினின் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானிலும்
அதே முடிச்சுதான், பல்லால் கடித்தும் அறாது.

அவன் மறுபடி கடலுக்குப் போகிறான்,
வேறு ஆள் படகில், கூலிக்கு.
ராத்திரியில் கப்பல்காரன் விளக்கடித்தால்
முகத்தைப் பார்க்க முடியாதாம், கண் கூசுமாம்.
பார்வை நெஞ்சுயரத்திலேயே நின்றுவிடுமாம்.

அப்படி ஒரு ராத்திரியில்
பெயரைப் படிக்கிறானோ இல்லையோ,
முடிச்சைப் பார்ப்பான்.
பார்த்துவிட்டு

கரண்ட் போய்விட்டது.
இன்னும் ஐந்து பெயர் பாக்கி.