எட்டடி எழுத்துகள்

டொம்ளூர் தாண்டி உள்வட்டச் சாலையில்
பதினான்காம் மாடிக்கு வெளியே
கயிற்றில் தொங்கிக்கொண்டு
ஒரு பேரரசை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வோர் எழுத்தும் எட்டடி உயரம்.
ஏற்றும்போது முதலெழுத்திலிருந்து,
இறக்கும்போது கடைசியிலிருந்து.
பத்து மணிக்குள் பெயரில் பாதி போய்விட்டது.
மீதிப் பாதி, கீழே நின்று பார்த்தால்,
ஏதோ இருமல் மருந்து மாதிரி இருந்திருக்கும்.

ஆறு வருடம் முன்பு
இவற்றை இங்கே ஏற்றியவனும் நான்தான்.
அன்று மேளம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள்.
கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒருவர்
என் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு
செல்ஃபி எடுத்தார்.
"இன்னும் நூறு வருஷம்" என்றார் மைக்கில்.
எங்கள் ரசீதில் மூன்று வருட வாரண்டி,
மழைத்தண்ணீர் புகுந்தால் அதுவும் கிடையாது.

இப்போது
அட்டைப்பெட்டியும் மணிபிளாண்ட் தொட்டியுமாக
கேட்டைக் கடக்கிறவர்கள்
மேலே பார்ப்பதில்லை.
ஒடிசாக்காரக் காவலாளி
அவர்கள் கழுத்துப் பட்டைகளை
எண்ணி எண்ணி வாங்கி வாளியில் போடுகிறார்.

சாப்பாட்டு நேரத்தில்
நிழலுக்காக ஒரு சின்னக் கோயிலில் ஒதுங்கினேன்.
அடிக்கல்லில் தமிழ்.
காவிரிக் கலவர நாட்களில்
இந்த ஊரில் நான் வாய்க்குள் மடித்துவைக்கும் மொழி.
கல் மடிக்கவில்லை.

ஸ்வஸ்திஸ்ரீ தெரிகிறது.
பிறகு பட்டங்கள், ரயில்பெட்டி போல் ஒன்றன்பின் ஒன்றாக.
மன்னன் பெயர் வரவேண்டிய இடத்தில்
தண்ணீர்க் குழாய்க்குத் துளை போட்டிருக்கிறார்கள்.
எந்த நாட்டை வென்றான், யார் முடித்தலை கொண்டான்,
எல்லாம் சிமெண்டுக்குள்.
தப்பியது இவ்வளவுதான்:
இரண்டு விளக்கு. அதற்கு நெய்.
ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம்.
சந்திராதித்தவரை செல்வதாக.
இதற்கு அழிவு நினைத்தான்
கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற
பாவத்தில் போவான்.

குழாய் போட்ட பிளம்பரை நினைத்துக்கொண்டேன்.
அவனுக்கு யார் படித்துக்காட்டியிருப்பார்கள்?
நெய்க்கு நிலமுமில்லை, நிலத்துக்கு ஏரியுமில்லை.
ஏரியின் மேல்தான்
காலையிலிருந்து தொங்குகிறேனோ என்னவோ.
சந்திரனும் ஆதித்தனும் மட்டும்
ஒப்பந்தப்படி வந்துபோகிறார்கள்.

மூன்று மணிக்கு 'ஆர்' கழன்றது.
சுவரைப் பார்த்த பக்கம்,
ஆறு வருடம் யாரும் பார்க்காத பக்கம்,
கறுப்பு மார்க்கரில் கன்னட எழுத்து.
எல்லப்பாவின் கோணல் கையெழுத்து.

எல்லப்பா என் எதிர்க்கயிறு.
நான் இடதுபக்கம் பிடித்தால் அவன் வலது.
கொரோனாவின் இரண்டாம் அலையில்
ஆக்ஸிஜன் வரிசையில் போய்விட்டான்.

எழுதியிருந்தது:
"சைபுல்லாவுக்கு இருநூறு தரணும்."
கீழே ஒரு போன் நம்பர்.
அந்தரத்தில் காகிதத்துக்கு எங்கே போவான்?
கையிலிருந்த பேரரசின் முதுகில்
எழுதிவைத்திருக்கிறான்.
பிறகு திருப்பி மாட்டிவிட்டோம்.

சைபுல்லா யாரென்று எனக்குத் தெரியாது.
பத்து இலக்கத்தில் கடைசி ஒன்றை
மழை தின்றிருக்கிறது.

திங்கட்கிழமை வேறு பெயர் வருகிறது.
காலையிலேயே அளந்துவிட்டேன்,
பழைய துளைகளில் நான்கு அதற்கும் பொருந்தும்.
இறக்கியவை சிவாஜிநகருக்கு, கிலோக் கணக்கில்.

பூஜ்யத்தில் ஆரம்பித்தேன்.
உபயோகத்தில் இல்லை.
ஒன்று. யாரோ ஒரு அம்மா,
மல்லேஸ்வரமாம், தூக்கம் கெட்டதென்று திட்டினாள்.
இரண்டு. வங்கிக் கடன் வேண்டுமா என்று
என்னையே கேட்டான் ஒருவன்.

மூன்று. மணி அடிக்கிறது.
காற்றுக்கு என் கயிறு மெல்லத் திரும்ப,
கண்ணாடியில் காலி நாற்காலிகள், பிறகு நகரம்,
பிறகு மறுபடி நாற்காலிகள்.
'ஆர்'-ஐ இறக்கு, இறக்கு என்று
கீழிருந்து கத்துகிறார்கள்.
இருங்கப்பா,
யாரோ எடுக்கிறார்கள்.