குறைந்தபட்சம் பன்னிரண்டு

எம்பிராய்டரிக்கு எழுத்துக் கணக்கில்லை,
குத்துக் கணக்கு.
ஆயிரம் குத்துக்கு இத்தனை வெள்ளி என்று
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்
ஜெலுத்தோங் கடைக்காரர் கூ.
என் பெயர் மங்களேஸ்வரி.
உதட்டைப் பிதுக்கினார்.
"ரொம்ப நீளம் அமோய், நூலைத் தின்னும்."

மங்களா ஆக்கினார், விலை இறங்கியது.
மங்கள் ஆக்கினார், இன்னும் இறங்கியது.
கடைசியில் எம்.எஸ். எலெக்ட்ரிக்கலில் வந்து நின்றோம்.
புள்ளிகளுக்குக் காசு வேண்டாம் என்றார்.
அடையாள அட்டையில் ஏ/பி போட்டு
முழுசாக வருகிற அப்பா சன்னாசி
சட்டையில் ஒற்றை எழுத்தாகி
என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

"குறைந்தபட்சம் பன்னிரண்டு எடுக்கணும்.
கம்பெனியில எத்தனை பேர்?"
பன்னிரண்டு, என்றேன்.
பொய்யில்லை.
ஏணி தூக்குகிறவள் ஒருத்தி.
வேன் ஓட்டுகிறவள்,
விலைப்பட்டியல் எழுதுகிறவள்,
தராத பாக்கியைச் சிரித்துக்கொண்டே கேட்கிறவள்,
டெஸ்ட் பென்னைத் தொலைத்தவள்,
அவளைத் திட்டுகிறவள்.
மீதிப் பேரை நான் யோசிப்பதற்குள்
பில் போட்டுவிட்டார்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
எனக்கு ஆள் ஒன்று, ஆடை ஒரு டஜன்,
எல்லாமே ஆம்பளை அளவு.
இருப்பதில் சின்னதைப் போட்டும்
தோள்தையல் முழங்கையைப் பார்த்து இறங்குகிறது.
நிறம் கருநீலம்.
வெள்ளையில் கூரைத் தூசி தெரியும்,
கறுப்பு பினாங்கு வெயிலில் வேகும்.

தஞ்சோங் தொக்கோங் அடுக்குமாடிக் காவலாளி
மூன்று வருஷமாய் என் அட்டையை வாங்கி வைத்து
எந்த வீட்டுக்கு வேலைக்காரி என்று கேட்டவன்.
நேற்று வேன் நிற்குமுன்னே தடுப்பைத் தூக்கினான்.
முகத்தைப் பார்க்கவில்லை,
நெஞ்சைத்தான் பார்த்தான்.
எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று தெரிந்ததும்
மன்னித்துவிட்டேன்.

பதினேழாம் மாடி.
வாட்டர் ஹீட்டரைப் போட்டால் வீடே இருட்டாகிறதாம்.
கதவைத் திறந்த அம்மா
என்னைத் தாண்டி நடைபாதையை எட்டிப் பார்த்தார்.
"ஆள் வரலையா?"
வந்திருக்கு, என்றேன்.
மெயினை இறக்கினேன்,
நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

முதுகில் போட்டது அச்சு எழுத்து, அது மலிவு.
ஃபோன் நம்பரைப் பெரிதாகவே போடச் சொல்லியிருந்தேன்.
கீழே யாரோ அதைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு எண்ணாக அழுத்தும் சத்தம்.
என் கால்சட்டைப் பையில் மணி அடித்தது.

"எம்.எஸ். எலெக்ட்ரிக்கல், வணக்கம்."
"ஒரு பொண்ணை அனுப்பியிருக்கீங்களே,
அவளுக்கு வேலை தெரியுமா?"
கேள்வி இரண்டு முறை வந்தது.
பாத்ரூம் கதவு வழியாக ஒன்று,
அரை நொடி பிந்திக் காதுக்குள் ஒன்று.
"எங்க கம்பெனியிலேயே அவங்கதான் சீனியர், மேடம்.
ஒண்ணு மட்டும்.
ஏணியில நிக்கும்போது ஃபோன் பண்ணினா
அவங்களுக்குக் கோபம் வரும்."

பிறகு மௌனம்.
அதுவும் இரண்டு முறை வந்தது.

கருகிய வயர்முனையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
உருகிய பிளாஸ்டிக் வாடை அவருக்கும் அடித்தது.
புது முனை, புது இணைப்பு,
மெயினை ஏற்றியதும்
குளிர்பதனப் பெட்டி பெருமூச்சு விட்டது.
மைலோ கொண்டுவந்தார், பிஸ்கட்டும்.
சர்க்கரை போதுமா என்று
என்னிடமே நேரில் கேட்டார்.

காசு அனுப்ப வங்கி எண்ணைத் தட்டியபோது
அவர் திரையில் என் பெயர் வந்தது,
முழுசாக, அப்பாவோடு,
ஒரு குத்துக்கும் காசில்லாமல்.
வாய்விட்டுப் படித்தார்.
"மங்களேஸ்வரி. நீங்கதானா?"
"பன்னிரண்டு பேர்ல ஒருத்தி."

சரக்கு லிஃப்ட்தான் எனக்கு இன்னமும்.
ஏணியைச் சாய்த்துவிட்டுச்
சட்டைக்குள் கையை விட்டேன்.
வெளியில் எம்.எஸ். பளபளவென்று இருக்கிறது.
உள்பக்கம் வெறும் முடிச்சுகள்,
காலையிலிருந்து தோலை அராவுகின்றன.
பதினேழு மாடியும் சொறிந்துகொண்டே இறங்கினேன்.