பன்னிரண்டாம் சீட்டு

ஆலை வாசலில் ஒட்டிய தாளை
பசை காயும் முன்பே ஒரு முனையில் பிய்த்துவிட்டது காற்று.
உச்சிப்புளிக் காற்று அப்படித்தான்,
எதையும் முழுதாக ஒட்டவிடாது.
மிச்சமிருந்ததைப் படித்தோம்.
ஜூன் முப்பதோடு சரி.
பஞ்சு விலை, மின்சாரக் கட்டணம்,
அப்புறம் ஒரு வருந்துகிறோம்.

பதினேழு வருஷம் கோன் வைண்டிங்கில் நின்றவள் நான்.
தண்ணியில்லாக் காடென்று
உத்தியோகஸ்தர்களைத் தண்டித்து அனுப்புகிற சீமையில்
கூரைக்கு அடியில் எங்களுக்கு மட்டும்
நாள் முழுக்கச் சாரல்.
எங்களுக்கு இல்லை, நூலுக்கு.
ஈரம் குறைந்தால் இழை அறும்.
வெளியே ஊருணி வெடித்துக் கிடக்க
தலைமுடியில் துளி கோத்து வீடு திரும்புவோம்.
பஸ்ஸில் மண்டபத்துப் பெண்கள் கேட்பார்கள்:
"பாசிக்கு முங்கினது நாங்க,
நனைஞ்சது நீங்களா?"

அதை விடுங்கள்.
ஆலைக்குள் எனக்கு இன்னொரு சோலி உண்டு,
ஏலச்சீட்டு.
என்னையும் சேர்த்து இருபது பேர்,
ஆளுக்கு இரண்டாயிரம், இருபது மாதம்.
ஏழாம் தேதி சம்பளம், பத்தாம் தேதி ஏலம்.
எடுத்தவர்கள் பதினோரு பேர்.
முதல் சீட்டு என்னுடையது.
எடுக்காதவர்கள் ஒன்பது.
தாள் ஒட்டிய ராத்திரி
இந்த இரண்டு எண்களுக்கு நடுவே படுத்துப் பார்த்தேன்.
எடுத்தவர் ஓடிவிட்டால்?
எடுக்காதவர் சட்டையைப் பிடித்தால்?
எனக்குச் சட்டை இல்லை, ஓவர்கோட்டுத்தான்,
அதையும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பத்தாம் தேதி
பத்தொன்பது பேரும் வந்துவிட்டார்கள்.
அதுவே எனக்குப் பயம்.
மற்ற மாதங்களில் ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம்.

செபஸ்தியாயி,
கடைசிச் சீட்டுத்தான் முழுசாக் கைக்கு வரும் என்று
ஒரு வருஷமாக வாய் திறக்காதவள்,
முதல் ஆளாகக் கேட்டாள்:
"முப்பத்தெட்டு."
"முப்பத்தஞ்சு," சகுபர்.
"முப்பத்துமூணு."
நல்ல மாதமென்றால் இங்கே நின்றுவிடும்.
"முப்பது."
"இருபத்தெட்டு."
கேட்டவர் முகத்தைக் கேட்காதவர் பார்க்கவில்லை.
ஆழம் தெரியாத கிணற்றில் வாளி இறங்குகிறது,
எங்காவது தண்ணீர் தட்டும் என்று இருந்தோம்.
"இருபத்தஞ்சு."

"இருபத்திரண்டு."
ப்ளோ ரூம் நம்புராஜன்.
வெள்ளிக்கிழமை திருப்பூர் வேன்.
முப்பதாம் தேதி வரை காத்திருப்பவனுக்கு
அங்கே வீடு மிஞ்சாது, அட்வான்ஸ் வேறு.
அவன் இதைச் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது.

ஒருதரம்.
ரெண்டுதரம்.
"நம்பு, காலையில யோசிச்சுச் சொல்றியா?"
"சொல்லுக்கா."
மூணுதரம்.

பதினெட்டாயிரம் தள்ளு.
இருபதால் வகுத்தால் ஆளுக்குத் தொள்ளாயிரம் கழிவு.
இந்த மாதம் ஆயிரத்து நூறு கட்டினால் போதும்.
எந்த மாதமும் இவ்வளவு விழுந்ததில்லை.
இரண்டாயிரத்தோடு வந்த கைகள்
ஆயிரத்து நூறை எண்ணி வைத்தன.
மீதியை மடித்து இடுப்பில் செருகத்தான்
நேரம் பிடித்தது.
நானும் செருகினேன்.
அரிசிக்கு ஆகும் என்று மனசு கணக்குப் போட்டதை
நம்புராஜன் பார்த்திருக்கமாட்டான்,
அவன் பணத்தை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தான்.

செபஸ்தியாயி வாசலில் செருப்பைத் தேடியபடி கேட்டாள்:
"அடுத்த மாசம் நடக்கும்ல?"

எல்லோரும் போனபின் நோட்டை எடுத்தேன்.
பன்னிரண்டு: நம்புராஜன், 22,000.
அதன்கீழ் பதின்மூன்று என்று எழுதினேன்.
எதிரே கோடு போட ஸ்கேல் இல்லை.
பையில் கிடந்த காலிக் கோனைப் படுக்கவைத்து
அதன் ஓரமாக இழுத்தேன்.
கொஞ்சம் சாய்ந்து போய்விட்டது.