உடம்படுமெய்

மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்
பட்டர்வொர்த்தில் ஏழரை மணிப் படகைப் பிடித்து
ஜார்ஜ்டவுனுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.
மடியில் ஒரு பள்ளி ஆண்டுமலரின் மெய்ப்பு.
பல்லிடுக்கில் சிவப்புப் பேனாவின் மூடி.

டாக்டர் ஊய் சியூ லிங் வரைந்துதான் பேசுவார்.
சந்திப்புச் சீட்டின் முதுகில் நீளமாய் ஒரு கோடு:
இது மரபணு எழுதிய வாக்கியம்.
வேண்டாததை வெட்டி, மிச்சத்தை ஒட்டி
அப்புறம்தான் செல் வாசிக்கும்.
எங்கே வெட்டுவது என்று சொல்ல ஆட்கள் உண்டு.
அவர்கள் வாலில் பாஸ்பேட் என்று
ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும் கைனேஸ்.
புள்ளி கூடினால் வெட்டு இடம் மாறும்.
"பாஹாம், காக்?"

எனக்கா புரியாது?
முப்பது வருஷமாகப் புள்ளி வைத்துப் பிழைப்பவள்.
ஒன்று விழுந்தால் போதும்,
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.

ஒரே மரபணுவில் நெடியது ஒன்று, குறியது ஒன்று
என்றார். அவர் கோட்டுக்குக் கீழே
நான் எழுதினேன்: இறவாதே.
பின்னிரண்டு எழுத்தை நறுக்கினால்: இற.
என் குடலில் இருப்பது
நெடியதையே ஓயாமல் அச்சடிக்கிறதாம்.
மாத்திரை போய் அந்தக் கையைப் பிடிக்கும்,
குறியது பிறக்கும்,
கட்டி தன் சாவைத் தானே வாசித்துக்கொள்ளும்.
எலிகளில் நடந்திருக்கிறது.

மருந்துக்கு இன்னும் பெயரில்லை; ஓர் எழுத்து, நாலு எண்.
பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தில்
ஆறாம் பக்கத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.
உடம்பட்டது மெய்.
இலக்கணத்தில் அதற்கு ஒரே வேலை,
இரண்டு உயிர் மோதாமல் நடுவில் நிற்பது.
இறவாதேயில் வ் நிற்கிறதே, அப்படி.

ஒன்பதாம் பக்கம் எச்சரித்தபடியே கண் மங்கியது.
போன மாதம் தலைமையாசிரியர் உரையில், கொட்டை எழுத்தில்,
'கல்வியே கண்' தன் ஒரே நடுப்புள்ளியை இழந்து
நானூறு பிரதி அச்சாகிவிட்டது.
திரு. மாசிலாமணி போனில் கத்தினார்.
மன்னிப்புக் கேட்கும்போதே சிரிப்பு வந்து
தையல் போட்ட இடம் வலித்தது.

இன்று ஸ்கேன்.
முப்பத்தொரு மில்லிமீட்டர், போன தடவை போலவே.
ஊய் அதை நல்ல செய்தியின் குரலில் சொன்னார்.
"மற்ற செல்களிலும் புள்ளி குறையுமா?"
"குறையும்," என்றார். "எவ்வளவு என்பதுதான் கேள்வி."
ஆக, எது நான், எது அது என்று
மருந்துக்கும் சரியாகத் தெரியாது.
எனக்கு நெடியது வேண்டும், அதற்குக் குறியது.
இருவருக்கும் ஒரே மை.

திரும்பும் படகில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மெய்ப்பை விரித்தேன்.
எழுத்தெல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடியது.
பக்கம் பன்னிரண்டு, வாழ்த்துரை.
ழவின் தலையில் இருப்பது புள்ளியா,
என் கண்ணில் மிதக்கும் தூசா?

எதற்கும் இருக்கட்டும் என்று
பேனாவை அழுத்தி
இன்னொன்று வைத்தேன்.