முக்காலிக்கு வாடகை

கப்பல் கட்டியிருக்கும் நாளில்
எங்கள் தெருவுக்கு இரண்டு நிழல்.
ஒன்று மேகத்துடையது.
மற்றதில் பதினாலு மாடி, ஒரு நீச்சல் குளம்,
காலை உணவை முடித்துவிட்டு இறங்கும் மூவாயிரம் பேர்.

செயின்ட் ஜார்ஜஸில் செவ்வாய் அப்படித்தான் விடியும்.
ஜாதிக்காய் மாலைகளை முழங்கைவரை மாட்டிக்கொண்டு
நானும் மெர்லீனும் வாயிலில் நிற்போம்.
அவர்களுக்கு அவசரமில்லை.
அவசரமில்லாதவர்களிடம் விற்பது
தூங்குகிற மீனைப் பிடிப்பது போல;
கைக்கு வரும், வந்து வழுக்கும்.

"அழகாக இருக்கிறது" என்றால் வாங்கமாட்டார்கள்.
"என்ன விலை" என்றால் நடந்துகொண்டே யோசிப்பார்கள்.
"இதைச் சாப்பிடலாமா" என்று கேட்டுவிட்டால்
பாதிப் பணம் என் பையில்.

இந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை.
மனைவி ஒரு பட்டியலோடு எதிர்க்கடைக்குள் போயிருந்தாள்,
ஊரில் பதினோரு பேருக்குப் பரிசு.
"அந்த முக்காலியில் உட்காரலாமா?"
வாடகை உண்டு என்றேன், சும்மா.
தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ரூலோஃப். என் நாக்கில் அது ரால்ஃப் ஆயிற்று, மறுக்கவில்லை.
உட்ரெக்ட்டில் முப்பத்து நாலு வருஷம் டிராம் ஓட்டியவராம்.
உட்கார்ந்தே ஊர் சுற்றியவருக்கு
நடந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பத்தே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து போன்.
டெரெலுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள்.
மெர்லீனைச் சுற்றி ஒரு பேருந்துக் கூட்டம்.
"போய் வாருங்கள், நான் இங்கேதானே இருக்கிறேன்" என்றார் ரால்ஃப்.
யோசித்தேன்.
பணத்தோடு ஓடினால் எங்கே ஓடுவார்?
அவர் கப்பல் கட்டியிருப்பது என் தெருவில்.

மாலை பத்து டாலர், மூன்று எடுத்தால் இருபத்தைந்து.
காந்தம் ஐந்து.
எங்கே செய்தது என்று கேட்டால் சிரித்து வையுங்கள்.

இரண்டு மேடு, ஒரு மினிபஸ், சூடான ஒரு சின்னக் கை,
தங்கை வீட்டுப் பாய், எலுமிச்சைத் தண்ணீர்.
திரும்பும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
முழங்கைவரை என் மாலைகள், என் தொப்பி,
எதிரே வெள்ளைச் சட்டையில் ஒரு அம்மாள்.
மொழி புரியவில்லை. பேரம் புரிந்தது.
அவள் மூன்று விரல் காட்டி, இருபதாக மடக்கினாள்.
இவர் தலையை ஆட்டினார்.
அவள் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினாள்.
இவர் இன்னும் பலமாக ஆட்டினார்.
இருபத்தைந்தை எண்ணி வைத்துவிட்டு
அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்,
அப்போதுதான் எனக்கு உறைத்தது
அவள் யாருடைய மனைவி என்று.

ஜாதிபத்திரிச் சீசாவுக்கு அடியில்
நோட்டுகளை மடித்து வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு.
என் கையில் இந்த நேரத்தில் ஐம்பது தேறியிருந்தால் அதிகம்.
காந்தங்கள் மட்டும் அப்படியே கிடந்தன.
கேட்டவர்களிடமெல்லாம் சீனா என்று சொல்லிவிட்டாராம்.
மாதச் சம்பளம் வாங்கிய மனிதர்.

"விலைப்படி நூற்றுப் பத்துதானே வரும், இரண்டு கூடுதலாக இருக்கிறதே?"
"முக்காலிக்கு."

ஓடு உடைக்காத காய் ஒன்று,
சிவப்புப் பத்திரி ஈரமாய் ஒட்டியிருந்தது,
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
கப்பலில் ஏறும்போது பிடுங்கிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன்.
முகர்ந்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"வாயில்வரை என்னோடு வரட்டும்."

ஐந்து மணிக்கு ஊதல்.
ஒரு நிழல் கழன்று கடலுக்குள் நகர்ந்தது.
மெர்லீன் கணக்குக் கேட்டாள், சொன்னேன்.
அடுத்த வாரமும் அவரை வரச் சொல்லேன் என்றாள்.

அடுத்த செவ்வாய் வேறு கப்பல்.
ஊதாத் தொப்பிக்காரி ஒருத்தி கால் வலிக்கிறது என்றாள்,
உட்காரலாமா என்றாள்.
தாராளமாக, வாடகை இரண்டு டாலர் என்றேன்.

முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.