இடப்பக்கத்து எலுமிச்சை

இந்தூர் போய்ச் சங்ககிரி திரும்பிய தனபாலுக்கு
சர்க்கரை இருநூற்று எண்பது.
சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தபடி
"சோறில்லயா புள்ள?" என்கிறார்.

இல்லை.
ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை
ஐந்து விசில் அடித்துவிட்டது.
திறந்தால் என் கண்ணாடி முழுக்க ஆவி.
வடித்த சூட்டோடு
செக்குக் கடலெண்ணெய் இரண்டு கரண்டி,
நுணுக்கிய மிளகு, கல்லுப்பு,
பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம்.
ஆறவிட்டால் கடலை வாயை மூடிக்கொள்ளும்.
அப்புறம் எதையும் உள்ளே வாங்காது,
இவரைப் போல.

புளிப்புக்குத்தான் வீட்டில் ஒன்றுமில்லை.

சாமி படத்தடியில் இருந்தன
லோடு ஏற்றிக் கிளம்புகையில்
முன் சக்கரங்களுக்கு வைக்க வாங்கிய
இரண்டு எலுமிச்சை.
ஒன்றை எடுத்து அரிந்தேன்.
ஒரு விதை கிண்ணத்தில் விழுந்தது,
விட்டுவிட்டேன்.

"பருத்திக்கொட்டையாட்ட இருக்குது" என்றவர்
கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
அடியில் தேங்கிய எண்ணெயையும்
விரலால் வழித்தார்.

மூன்று மணிக்கு வண்டியடியில் குனிந்து
வலப்பக்கம் ஒன்றை வைத்தார்.
இடப்பக்கம் வெறும் தரை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"அது வவுத்துல இருக்குது, ஏறுடா" என்று
கிளீனர் பையனிடம் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சந்து திரும்பும் வரை நான்
இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.